நம்ம தெரு பசங்களுக்கு தினம் ஒரு மணி நேர விளையாட்டு: செட்டிநாட்டு ஊர்கள்ல ஆரம்பிக்கிறது எப்படி

உங்க வீட்லயோ பக்கத்து வீட்லயோ 10 வயசுக்கு மேல 17 வயசுக்குள்ள ஒரு பையனோ பொண்ணோ இருந்தா இன்னைக்கு வெயில் தாழ்ந்ததும் ஒரு 600 மீட்டர் ஓடச் சொல்லிப் பாருங்க. முடியாத எடத்துல நடக்கலாம், மூச்சு வந்ததும் திரும்ப ஓடலாம், அவ்ளோதான். 2019 ஆகஸ்ட் 29-ல ஆரம்பிச்ச ஃபிட் இந்தியா இயக்கம் ஸ்கூல் பசங்களுக்கு வெச்சிருக்கிற டெஸ்ட்ல இதுவும் ஒண்ணு. பாக்க வாட்டசாட்டமா இருக்குற புள்ளைங்க கூட பாதி தூரத்துலயே இடுப்புல கைய வெச்சுக்கிட்டு நின்னுடுறத நீங்களே பாப்பீங்க. அப்ப திட்டாதீங்க, "நாங்கல்லாம் அந்தக் காலத்துல"ன்னு கதையும் ஆரம்பிக்காதீங்க, எவ்ளோ நேரம் ஆச்சுன்னு மட்டும் ஒரு நோட்டுல எழுதி வைங்க, நமக்கு அது வேணும்.

இது நம்ம ஊர் பசங்க மட்டும் பண்ற தப்பு இல்ல. உலகம் பூரா 146 நாட்டுல 16 லட்சம் மாணவர்கள் கிட்ட எடுத்த கணக்க வெச்சு 2019-ல லான்செட் பத்திரிகை குழுமத்துல ஒரு ஆய்வு வந்துச்சு, 11-ல இருந்து 17 வயசுக்குள்ள இருக்குறவங்கள்ல 81 சதவீதம் பேருக்கு தேவையான அளவு உடல் உழைப்பு இல்லைன்னு அதுல இருக்கு, பசங்கள்ல 78, பொண்ணுங்கள்ல 85. ஒரு தலைமுறைக்கு முன்னாடி அதே வயசுல இருந்தவங்க ஒரு மைல் ஓடுன நேரத்த விட இப்ப இருக்குற புள்ளைங்க ஒன்றரை நிமிஷம் கூடுதலா எடுக்குறாங்கன்னு 2013-லயே கணக்கு சொன்னாங்க. இந்தியால பெரியவங்கள்ல 10 கோடி பேருக்கு மேல சக்கரை இருக்குன்னு ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) ஆய்வு 2023-ல சொல்லுச்சு. அந்தப் பெரியவங்கல்லாம் ஒரு காலத்துல பசங்களா இருந்தவங்கதான், நடக்குறது ஓடுறது எல்லாம் எந்த வயசுல நின்னு போச்சோ அங்கேருந்துதான் இது ஆரம்பிக்குது.

பசங்க சோம்பேறி ஆயிட்டாங்கன்னு சொல்றத மட்டும் நான் ஒத்துக்கவே மாட்டேன். வீட்டு வாசல்ல வேன் ஏத்துது, சாயங்காலம் வேன் இறக்குது, அஞ்சு மணிக்கு டியூஷன், எட்டு மணிக்கு வந்தா சாப்பாடு, அப்புறம் செல்லு. முன்னாடி விளையாடுன பொட்டல் பிளாட் போட்டு கல்லு நட்டாச்சு. பாதி வீடு பூட்டிக் கெடக்கு, சென்னைலயும் சிங்கப்பூர்லயும் இருக்குறவங்க கல்யாணம் சாமி கும்பிடுன்னாதான் வந்து தொறக்குறாங்க, அதனால ஒரு தெருவுல சேர்ந்து விளையாட ஏழெட்டு புள்ளைங்க தேறுறதே கஷ்டமா இருக்கு. ஸ்கூல்ல இருக்குற பி.டி. பீரியடும் பரீட்சை நெருங்குனா கணக்கு சார் கைக்குப் போயிடுது. இப்படி நேரமும் இடமும் கூட்டாளியும் மூணும் இல்லாம ஆக்கிப்புட்டு புள்ளைய குத்தம் சொன்னா எப்படி? அந்த மூணையும் தெருவுல இருக்குற பெரியவங்க திரும்ப உண்டாக்கிக் குடுக்கணும், அத எப்படிப் பண்றதுன்னுதான் இங்க எழுதுறேன். ஜிம்முக்கு காசு வேணாம், பெரிய சாமான் எதுவும் வேணாம்.

எவ்ளோ வேணும்

உலக சுகாதார நிறுவனம் 2020-ல சொன்ன அளவு இதுதான்: 5-ல இருந்து 17 வயசு வரைக்கும் சராசரியா ஒரு நாளைக்கு 60 நிமிஷம், மூச்சு வாங்குற மாதிரி, வேர்க்குற மாதிரி. அதுல வாரத்துக்கு மூணு நாளாச்சும் தசைக்கும் எலும்புக்கும் வேலை குடுக்குறதா இருக்கணும், அதாவது குதிக்கிறது, தள்ளுறது, இழுக்குறது. அறுபது நிமிஷமும் ஒரே மூச்சா இருக்கணும்னு இல்ல, ஸ்கூலுக்கு சைக்கிள் மிதிச்சுப் போற 15 நிமிஷமும் கணக்குதான். எலும்பப் பத்தி ஒண்ணு சொல்லணும், ஒரு மனுஷன் வாழ்நாள்ல சேக்குற எலும்பு பலத்துல கிட்டத்தட்ட 90 சதவீதம் பொண்ணுங்களுக்கு 18 வயசுக்குள்ள, பசங்களுக்கு 20 வயசுக்குள்ள சேர்ந்து முடிஞ்சுடுது. அப்பத்தாவுக்கு எழுபது வயசுல இடுப்பு எலும்பு முறியாம இருக்கணும்னா அவங்க பதினாலு வயசுல குதிச்சு விளையாடிருக்கணும், அப்படி ஒரு கணக்கு இது.

ஆளும் எடமும்

முதல்ல ஒரு பெரிய ஆளு. கோச்சா இருக்கணும்னு அவசியமில்ல, காலேஜ் படிக்கிற அண்ணனா இருக்கலாம், ரிட்டயர் ஆன வாத்தியாரா இருக்கலாம், ஒரு அக்காவா இருந்தா இன்னும் நல்லது (ஏன்னு பின்னாடி சொல்றேன்). தினம் ஒரே நேரத்துக்கு வந்து நிக்கணும், அது ஒண்ணுதான் தகுதி. ஒருத்தரால முடியாதுன்னா ரெண்டு பேரு நாளப் பிரிச்சுக்குங்க. காரைக்குடி சுத்துவட்டாரத்துல இருக்குறவங்களுக்கு இன்னொரு வசதி இருக்கு, அழகப்பா பல்கலைக்கழகத்துல உடற்கல்விக்குன்னே கல்லூரி இருக்கு, அங்க படிக்கிற பசங்க உங்க தெருவுலயோ பக்கத்து கிராமத்துலயோ கண்டிப்பா யாராச்சும் இருப்பாங்க, வாரத்துக்கு ஒரு நாள் வந்து சொல்லிக் குடுன்னு உரிமையா கேளுங்க.

எடத்துக்கு ரொம்ப அலைய வேணாம். ஊரணிக்கரைப் பொட்டல், கோயிலச் சுத்தி தேர் ஓடுற நாலு வீதி, ஸ்கூல் மைதானம் எதுனாலும் சரி. ஸ்கூல் மைதானம்னா தலைமை ஆசிரியர் கிட்ட எழுதிக் குடுத்து அனுமதி வாங்கிடுங்க, யாரு பொறுப்பு எத்தனை மணி வரைக்கும்னு அதுலயே எழுதிடுங்க, பின்னாடி பேச்சு வராது. பொட்டல்னா ஆரம்பிக்கிறதுக்கு முந்துன நாளு எல்லாப் பசங்களையும் வரிசையா நிக்க வெச்சு இந்தக் கோடில இருந்து அந்தக் கோடி வரைக்கும் பொறுக்கிட்டே நடக்கச் சொல்லுங்க, பாட்டில் ஓடும் சீமைக்கருவேல முள்ளும் அம்புட்டு கெடக்கும். நம்ம மண்ணு செம்மண்ணு, சரளைக் கல்லு மேல வழுக்கும், அதனால ஓட்டத்துக்கு சாதா கேன்வாஸ் ஷூ ஒண்ணு இருந்தா போதும், ஆனா செருப்போட மட்டும் ஓட விடாதீங்க, கணுக்கால் பெரட்டிக்கும். விடியக்காலைல கண்மாய்க்கரை பக்கம் இருட்டோட போகவே வேணாம், பூச்சி பொட்டு இருக்கும். தெரு நாய் தொரத்துற எடமா இருந்தா கூட்டமா ஓடுங்க, நாய் வந்தா ஓடுறத நிறுத்தி நடக்கணும்னு சின்னதுகளுக்கு முன்னாடியே சொல்லிக் குடுத்துருங்க.

நேரம் காலைல 5:45-ல இருந்து 6:45, இல்லன்னா சாயங்காலம் 5:15-க்கு மேல. காலை பத்து மணிக்கும் சாயங்காலம் நாலு மணிக்கும் நடுவுல நம்ம ஊர் வெயில்ல ஓட விடுறது ஆபத்து, பங்குனி சித்திரைல கேக்கவே வேணாம். டியூஷன் சாரையும் பாத்துப் பேசுங்க, அஞ்சு மணி பேட்ச ஆறரைக்கு மாத்துங்கன்னு நாலு வீட்டுக்காரங்க சேர்ந்து போய் கேட்டா அவரு கண்டிப்பா யோசிப்பாரு, தனியா ஒருத்தர் போனா நடக்காது.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி கேக்க வேண்டியது

ஒவ்வொரு வீட்லயும் போய் இத கேட்டு எழுதிக்குங்க, வெக்கப்படாதீங்க. ஆஸ்துமா இருக்கா, வலிப்பு வந்திருக்கா, இதயத்துல ஏதாச்சும் பிரச்சினைன்னு டாக்டர் சொல்லிருக்காரா, ஓடும்போது மயங்கி விழுந்ததோ நெஞ்சு வலிச்சதோ உண்டா, குடும்பத்துல யாராச்சும் சின்ன வயசுலயே திடீர்னு இறந்திருக்காங்களா. இதுல ஒண்ணுக்கு ஆமான்னு வந்தாலும் டாக்டர் கிட்ட காட்டிட்டுதான் ஓட்டம். ஆஸ்துமா இருக்குற புள்ளைய ஒதுக்க வேணாம், பெரும்பாலும் அவங்களும் விளையாடலாம், இன்ஹேலர் கைவசம் இருக்கணும், அத பையிலயே வெச்சிருக்கானான்னு தினம் நீங்க பாக்கணும்.

பொண்ணுங்கள்ல ரத்தசோகை ரொம்ப இருக்கு, 2019-21-ல எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்புல 15-ல இருந்து 19 வயசுக்குள்ள 59 சதவீத பொண்ணுங்களுக்கு இருக்குன்னு வந்துச்சு. ரெண்டு ரவுண்டுக்கே மூச்சு முட்டுது, முகம் வெளுத்துருக்கு, மாடிப்படி ஏறுனா படபடங்குதுன்னு ஒரு பொண்ணு சொன்னா "ஸ்டாமினா இல்ல"ன்னு சொல்லி அனுப்பாதீங்க, ஆரம்ப சுகாதார நிலையத்துல ஹீமோகுளோபின் பாக்கச் சொல்லுங்க. ஸ்கூல்ல வாரம் ஒரு தடவ குடுக்குற நீலக் கலர் இரும்புச்சத்து மாத்திரைய நெறைய பேரு வயித்த பெரட்டுதுன்னு தூக்கிப் போட்டுர்றாங்க, சாப்பிட்டுட்டு போட்டா அவ்ளோ பெரட்டாது, மாத்திரை போட்ட ஒரு மணி நேரத்துக்கு டீ காபி வேணாம்.

முதல் வாரம் அளந்து எழுதுங்க

600 மீட்டரோட இன்னும் மூணு போதும். மல்லாந்து படுத்து முப்பது செகண்டுல எத்தனை தடவ முதுகத் தூக்கி எந்திரிக்க முடியுது, நேரா எத்தனை புஷ்-அப் வருது (முட்டி ஊனி பண்ணாலும் சரி, எந்த முறைன்னு பக்கத்துல எழுதிடுங்க), காலை நீட்டி உக்காந்து குனிஞ்சா விரல் பாதத்தத் தொடுதா இல்ல எத்தனை சென்டிமீட்டர் கம்மி. எட்டு வயசுக்குக் கீழ உள்ள சின்னதுங்களுக்கு இதெல்லாம் வேணாம், ஒத்தக்கால்ல ஒரு நிமிஷம் நிக்கச் சொல்லி எத்தனை தடவ கால ஊனுதுன்னு பாருங்க, அதுங்களுக்கு அதுவே விளையாட்டு.

தூரம் அளக்க செல்லுல இருக்குற மேப்ப நம்பாதீங்க, 30 மீட்டர் டேப்பு கொத்தனார் யார்கிட்டயாச்சும் வாங்கி ஒரே ஒரு தடவ அளந்து கரண்டு கம்பத்துல சுண்ணாம்புக் கோடு போட்டு வெச்சுட்டா வருஷம் பூரா அதுதான். நோட்டுல உள்ளத சத்தமா வாசிக்கக் கூடாது, யாரு ஃபர்ஸ்ட்டுன்னு வரிசை போடக் கூடாது, எடை பாக்குறதா இருந்தா தனியா கூப்பிட்டு பாக்கணும். அவனவன் போன மாசத்து அவனோட மட்டும் போட்டி. இதுல நான் ரொம்பக் கண்டிப்பா இருப்பேன், ஒரு குண்டான பையன நாலு பேரு முன்னாடி ஒரு தடவ சிரிச்சுட்டா அவன் மறுநாள் வர மாட்டான், அதுக்கப்புறம் எப்பவுமே வர மாட்டான், அவன்தான் நமக்கு முக்கியமா வேண்டியவன்.

ஒரு மணி நேரத்த எப்படிப் பிரிக்கிறது

மொத பத்து நிமிஷம் ஒடம்பு சூடாக்க. கைய முன்னால நீட்டி அப்படியே நிக்கிறது, ஒரே எடத்துல நின்னு இழுத்துப் புடிக்கிறது எல்லாம் மொதல்ல வேணாம், அது கடைசில. ஆரம்பத்துல மெல்ல ஓட்டம், முட்டிய இடுப்பு வரைக்கும் தூக்கி நடக்குறது, குதிகால் பின்னாடி தட்டுற மாதிரி ஓடுறது, பக்கவாட்டுல ஓடுறது, கையச் சுத்துறது.

அடுத்து ஓட்டம் ஒரு 18 நிமிஷம். மொத ரெண்டு வாரம் ஒரு நிமிஷம் ஓட்டம் ரெண்டு நிமிஷம் நடை, இப்படி ஆறு தடவ. நாலாவது வாரத்துல ரெண்டு நிமிஷம் ஓட்டம் ஒரு நிமிஷம் நடை. எட்டாவது வாரத்துல அஞ்சு நிமிஷம் ஓட்டம் ஒரு நிமிஷம் நடை, மூணு தடவ. பன்னெண்டாவது வாரத்துல கால்மணி நேரம் நிக்காம ஓடிருவாங்க, அவசரப்பட்டா வராது. வேகம் எவ்ளோன்னு கேட்டா பக்கத்துல ஓடுறவன் கிட்ட ஒரு வரி பேச முடியணும், பாட்டு பாட முடியக் கூடாது, அந்த வேகம். ஓட்டம் வாரத்துக்கு மூணு நாள் போதும், நடுவுல உள்ள நாள்ல முழுக்க விளையாட்டு.

போலீஸ் வேலைக்கு ஆசப்படுற அண்ணமாருங்க நம்ம பக்கம் நெறைய பேரு இருக்காங்க. ஆம்பளப் பசங்களுக்கு 1500 மீட்டர 7 நிமிஷத்துல ஓடணும்னு இருக்கு, நோட்டிபிகேஷன் வந்ததுக்கப்புறம் ரெண்டே மாசத்துல அத வரவழைக்கப் பாத்து கெணுக்காலுக்கு மேல எலும்போரமா வலி வந்து படுத்துர்றாங்க. பதிமூணு வயசுல இருந்து இப்படி மெல்ல மெல்ல ஓடுன பையனுக்கு அந்த ஏழு நிமிஷம் பெரிய விஷயமே இல்ல. அப்படி வலி வந்துட்டா ஓட்டத்த நிறுத்தி சைக்கிளோ நடையோ வெச்சுக்குங்க, ஒரே ஒரு புள்ளில விரல் வெச்சா துடிக்கிற வலியா இருந்தா டாக்டர் கிட்ட போயே ஆகணும். இன்னொண்ணு, வளர்ற வயசுல, பத்துல இருந்து பதினஞ்சுக்குள்ள, முட்டிச் சில்லுக்குக் கீழ வீங்கி மேடா வலிக்கும், அது எலும்பு வேகமா வளர்றப்ப வர்றது, குதிக்கிறத கொஞ்ச நாள் கொறச்சா அடங்கும், நாட்டு வைத்தியர் கிட்ட கொண்டு போய் உருவி விடாதீங்க.

பலத்துக்கு நம்ம வீட்டுத் திண்ணைய விட நல்ல சாமான் எந்த ஜிம்முலயும் இல்லைன்னு நான் நெனக்கிறேன். புஷ்-அப் வராத புள்ளைக்கு மொதல்ல சுவத்துல கை வெச்சு தள்ளச் சொல்லுங்க, பத்து பத்தா மூணு தடவ. அது லேசாயிட்டா திண்ணை விளிம்புல கை ஊனி, அதுவும் லேசாயிட்டா வாசப்படில, அப்புறம் தரைல. இப்படி எறங்கி எறங்கி வந்தா ரெண்டு மாசத்துல முழு புஷ்-அப் போட்டுருவாங்க, பொண்ணுங்களும்தான். தண்டாலு அதுக்கப்புறம் கத்துக்கலாம், முதுகு வளையாம நேரா ஒரு பத்து வந்ததும் ஆரம்பிங்க. காலுக்கு திண்ணைல உக்காந்து கை ஊனாம எந்திரிக்கிறது, அது பழகுனதும் பஸ்கி, அதாவது எதுலயும் உக்காராம முட்டிய மடக்கி எறங்கி எந்திரிக்கிறது. திண்ணைப்படில ஏறி எறங்குறது. கிணத்துக் கயிறு இருந்தா ரெண்டு பக்கமும் நின்னு இழுக்க விடுங்க, பசங்களுக்கு உயிரு, ஆனா கயித்த கையிலயோ இடுப்புலயோ சுத்தக் கூடாது, விரலு போயிரும். வேப்பமரக் கிளை தாங்குதான்னு பாத்துட்டு தொங்க விடுங்க.

"இந்த வயசுல தண்டாலு எடுத்தா வளர்த்தி நின்னுரும்"னு ஆயா ஐயா எல்லாரும் சொல்லுவாங்க. நிக்காது. முறையா, மேல்பார்வையோட, தன் ஒடம்பு எடையிலயே பண்ற பயிற்சி வளர்ச்சிய தடுக்காதுன்னு குழந்தை மருத்துவர்கள் எப்பவோ சொல்லியாச்சு. யாரு ஜாஸ்தி எடை தூக்குறதுன்னு போட்டி போடுறதுதான் இந்த வயசுக்கு ஆகாது. அதே மாதிரி பதினஞ்சு பதினாறு வயசுப் பசங்க ஜிம்முல சேர்ந்த மொத வாரமே டப்பா டப்பாவா புரோட்டீன் பவுடர் வாங்கிட்டு வர்றாங்க, அதுக்கு வீட்ல காசும் குடுக்குறாங்க, வயித்தெரிச்சலா இருக்கு. தேவையே இல்ல.

மீதி நேரம் விளையாட்டு, இது கொறஞ்சா எல்லாம் போச்சு

ஒடம்பு நல்லா இருக்கணும்ங்குறதுக்காக ஒரு பதிமூணு வயசுப் புள்ள நாளைக்கும் வராது, விளையாட்டு இருந்தாதான் வரும். அதனால கடைசி இருபது இருபத்தஞ்சு நிமிஷம் கட்டாயம் ஆட்டம். கிரிக்கெட்ட நான் வேணாம்னு சொல்லல, ஆனா அதுல பாதிப் பேரு நின்னுட்டேதான் இருப்பாங்க. கபடில ஒரு ரைடுக்கு 30 செகண்டு, அந்த முப்பது செகண்டு மூச்ச அடக்கி பாய்றது, அப்புறம் கொஞ்சம் ஓய்வு, மறுபடி பாய்றது, காசு குடுத்து கோச்சிங் போறவங்க இன்டர்வெல்னு சொல்லிப் பண்றது இதுதான். பொண்ணுங்களுக்கு கோர்ட்டு 12 மீட்டருக்கு 8 மீட்டர், மண்ண கொத்தி கல்லு பொறுக்கி மணல் கொட்டிட்டா போதும். கோ-கோவுக்கு பக்கத்துக்கு ஒன்பது பேரு வேணும், ஆளு இல்லன்னா அஞ்சஞ்சா ஆடலாம், யாரும் கேக்கப் போறதில்ல.

கிளித்தட்டு இப்ப இருக்குற பசங்களுக்கு தெரியவே மாட்டேங்குது. நீள செவ்வகமா கோடு போட்டு நடுவுல நெட்டுக்கு ஒரு கோடு, குறுக்க மூணு நாலு எட்டு நடக்குற தூரம் விட்டு விட்டு கோடு, குறுக்குக் கோட்டுல ஆளுக்கொருத்தர் காவல், நடுக்கோட்டுல ஓடுறது கிளி. காவல்ல அடிபடாம அந்தக் கோடிக்கு போயி திரும்பி வரணும். பக்கவாட்டுல பாயுறது, சட்டுனு நிக்கிறது, ஏமாத்தித் திரும்புறது எல்லாம் இதுல வந்துரும். சின்னப் புள்ளைங்களுக்கு பாண்டியும் ஸ்கிப்பிங்கும், எலும்புக்கு குதிக்கிற வேலை அதுலயே கெடச்சுரும். சிலம்பம் சொல்லிக் குடுக்க ஆளு கெடச்சா விடாதீங்க, 2024 ஜனவரில தமிழ்நாட்டுல நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுல சிலம்பத்த காட்சி விளையாட்டா சேத்தாங்க, பசங்களுக்கு அதுல ஒரு பெரும இருக்கு.

டீம் பிரிக்கும்போது ரெண்டு கேப்டன நிறுத்தி "நீ யார எடுக்குற"ன்னு கேக்குற பழக்கத்த விட்டுருங்க, கடைசியா நிக்கிற புள்ளைக்கு அது தினம் தினம் தண்டனை. ஒண்ணு ரெண்டுன்னு எண்ணி பிரிங்க. கனமான பையன கபடில புடிக்கிற எடத்துல நிறுத்துங்க, குண்டெறிதல் சொல்லிக் குடுங்க, மத்தவங்க அவன அவங்க டீமுக்கு கேப்பாங்க. கால் ஊனமா இருக்குற புள்ளைக்கும் எறியறது, இழுக்குறது, தொங்குறது எல்லாம் உண்டு, ஓரமா உக்கார வெச்சு ஸ்கோர் எழுதச் சொல்றத மட்டும் பண்ணாதீங்க.

பொண்ணுங்க

ஆறாவது ஏழாவது வரைக்கும் பசங்களுக்கு சமமா ஓடுன பொண்ணு பெரிய மனுஷி ஆனதும் நின்னுடுறா. வீட்ல கேட்டா "ஊரு என்ன சொல்லும்"னு சொல்றாங்க. அதுக்குத்தான் ஒரு அக்காவோ ஆச்சியோ அங்க நிக்கணும்னு சொன்னேன். மொதல்ல ரெண்டு வீட்டு ஆத்தாமாருகள கூட்டிட்டு வந்து சும்மா வேடிக்கை பாக்கச் சொல்லுங்க, அவங்களே கொஞ்ச நாள்ல ஓரமா நடக்க ஆரம்பிச்சுருவாங்க. எடம் எல்லாரு கண்ணுக்கும் தெரியுற கோயில் வீதியா இருந்தா பயம் கொறையும். டிராக் பேண்டு, தொளதொளன்னு டீ-சர்ட், உள்ள விளையாட்டுக்குன்னே விக்கிற பிரா, இது மூணும் வாங்கிக் குடுத்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துரும், சுடிதாரும் துப்பட்டாவும் போட்டுட்டு ஓடச் சொன்னா அவங்க என்னதான் பண்ணுவாங்க. மாதவிடாய் நாள்ல விளையாடக் கூடாதுன்னு ஒண்ணும் இல்ல, வலியும் அசதியும் இருந்தா அன்னைக்கு நடந்தா போதும், முடிவு அந்தப் பொண்ணோடது. பக்கத்துல கழிப்பறை வசதி இருக்குற வீடா ஒண்ணு சொல்லி வெச்சுருங்க.

வெயிலு, தண்ணி, சாப்பாடு

லீவு முடிஞ்சு சென்னைல இருந்தோ வெளிநாட்டுல இருந்தோ வந்த புள்ளைங்கள மொத நாளே மத்தவங்களோட சேத்து ஓட விடாதீங்க, ஒடம்பு நம்ம வெயிலுக்குப் பழக பத்துல இருந்து பதினாலு நாள் ஆகும். இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவ எல்லாரும் ஒரு டம்ளர் தண்ணி, தாகம் எடுக்கலன்னாலும். உப்பு போட்ட நீர்மோர் ரொம்ப நல்லது. ஒரு புள்ள தலை சுத்துதுங்குது, வாந்தி எடுக்குது, பேச்சு கொழறுது, கேட்டதுக்கு சம்பந்தமில்லாம பதில் சொல்லுதுன்னா அது வெயில் தாக்கு, உடனே நெழலுக்கு தூக்கிட்டு வந்து 108-க்கு போன் போடுங்க, ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் சும்மா காத்துட்டு இருக்காம தலைல இருந்து கால் வரைக்கும் தண்ணி ஊத்தி விசிறுங்க. நெனவு சரியா இல்லாதவங்களுக்கு வாயில தண்ணி ஊத்தக் கூடாது.

சாப்பாட்டுக்கு நம்ம ஊர்ல பஞ்சமா? விளையாட்டுக்கு அரை மணி முன்னாடி ஒரு வாழப்பழம், முடிச்சுட்டு வந்ததும் முட்டையோ சுண்டலோ பாசிப்பயறோ. கும்மாயத்துல உளுந்தும் பாசிப்பருப்பும் கருப்பட்டியும் இருக்கு, ஓடியாடுற புள்ளைக்கு வாரத்துல ஒரு நாள் கிண்டிக் குடுங்க, அருமையா இருக்கும். விசேஷ வீட்டுப் பலகாரத்த புடுங்கி வைக்காதீங்க, சீயமும் கந்தரப்பமும் என்னைக்கோ ஒரு நாள் சாப்பிடுறது. தினமும் வாங்குற பாக்கெட்டு சிப்ஸும் கலர் பாட்டிலும்தான் பிரச்சினை, ஒரு 250 மில்லி கோலால கிட்டத்தட்ட 26 கிராம் சக்கரை, ஆறு டீஸ்பூனுக்கு மேல. விளையாடிட்டு வந்த தாகத்துல அதக் குடிக்கிற பழக்கம் மட்டும் வந்துரவே கூடாது, நீங்களே பரிசா வாங்கியும் குடுக்காதீங்க. தூக்கம் 13 வயசுக்கு மேல எட்டுல இருந்து பத்து மணி நேரம். காலை பேட்ச்சுக்கு வர்ற புள்ள ராத்திரி பத்து மணிக்குள்ள செல்ல வீட்டுக்காரங்க கிட்ட குடுத்துட்டுப் படுக்கணும், இத அவங்க வீட்ல பேசி வெச்சுக்குங்க.

ஸ்கூல்ல கேளுங்க

தெருவுல பண்றதால ஸ்கூல விட்டுற முடியாது. 2009 கல்வி உரிமைச் சட்டத்தோட அட்டவணைலயே ஒவ்வொரு பள்ளிக்கும் விளையாட்டு மைதானம் இருக்கணும்னு இருக்கு, ஆறாவதுல இருந்து எட்டாவது வரைக்கும் நூறு புள்ளைங்களுக்கு மேல இருந்தா உடற்கல்விக்கு பகுதிநேர ஆசிரியர் வேணும்னும் இருக்கு. அரசுப் பள்ளின்னா பள்ளி மேலாண்மைக் குழு கூட்டத்துக்கு போங்க, வாரத்துக்கு எத்தனை பி.டி. பீரியட் டைம் டேபிள்ல இருக்கு, போன மாசம் அதுல எத்தனை நடந்துச்சு, பந்தும் வலையும் எந்த ரூம்ல பூட்டிருக்குன்னு பணிவா கேட்டு பதில தீர்மான நோட்டுல எழுதச் சொல்லுங்க. பி.டி. சார் மேல கோவப்படாதீங்க, அவருக்கு பாதி நாளு வேற வேலதான் குடுக்குறாங்க, நீங்க கேக்குறது அவருக்கே பலம்.

மழை, பரீட்சை, தைப்பூசம்

ஐப்பசி கார்த்திகை அடைமழைல வெளில முடியாது. அப்ப பூட்டிக் கெடக்குற பெரிய வீடுகள்ல ஒண்ணோட வளவ (நடு முத்தத்தச் சுத்தி இருக்குற எடத்த) வீட்டுக்காரங்க கிட்ட போன்ல கேட்டு வாங்குங்க, பாத்துக்கிற ஆளு முன்னாடி நடக்கட்டும், பெரும்பாலும் சந்தோஷமா தருவாங்க. ஸ்கிப்பிங், பஸ்கி, பிளாங்க் எல்லாம் வளவ சுத்தி தாராளமா பண்ணலாம். ஆத்தங்குடிக் கல்லு (தரைல பதிச்சிருக்குற டைல்ஸ்) ஈரமானா எண்ணெய் ஊத்துன மாதிரி வழுக்கும், முத்தத்துல சாரல் அடிச்சா தொடச்சுட்டுதான் ஆரம்பிக்கணும், சாக்ஸோட வேணாம், வெறுங்கால்தான்.

மார்ச் பரீட்சை சமயத்துல நிறுத்தாதீங்க, அரை மணியா கொறச்சுக்குங்க. அந்த அரை மணிக்கு மார்க்கு கொறையாது, தூக்கம் நல்லா வரும்.

மார்கழி தைல பசங்களுக்கு ஒரு இலக்கு வைக்கணும்னா நடைதான். தைப்பூசத்துக்கு குன்றக்குடி, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல்னு காவடியோட பழனிக்கு நடந்து போறது நம்ம பக்கம் தலைமுறை தலைமுறையா இருக்கு, பெரியவங்களோட அதுக்குப் போகப் போற புள்ளைங்க அதுக்கு ரெண்டு மாசம் முன்னாடியே ஞாயித்துக்கிழமை தோறும் தூரத்த கூட்டணும். மொத வாரம் நாலு கிலோமீட்டர், அப்புறம் ஆறு, எட்டு, கடைசில காரைக்குடில இருந்து குன்றக்குடிக்கு ஒரு பத்து கிலோமீட்டர் நடந்து மலைப்படி ஏறி சண்முகநாதர கும்பிட்டுட்டு பஸ்ஸுல திரும்புங்க. புது செருப்பு புது ஷூ போட்டு நீள நடை போகவே கூடாது, ரெண்டு வாரமாச்சும் பழகுனதா இருக்கணும். கொப்புளம் வந்தா குத்தி உரிக்காதீங்க, சுத்தமா தொடச்சு பிளாஸ்திரி ஒட்டி விடுங்க.

பன்னெண்டு வாரம் முடிஞ்சதும் அதே கம்பத்துல இருந்து அதே 600 மீட்டர், அதே நோட்டு. முன்னேறாத புள்ளை யாராச்சும் இருந்தா எத்தனை நாள் வந்துச்சுன்னு மொதல்ல வருகைய பாருங்க, ஒழுங்கா வந்தும் ஏறலன்னா ரத்தம் பரிசோதிக்கச் சொல்லுங்க. அதே வாரத்துல பத்தாவது பதினொண்ணாவது படிக்கிற ரெண்டு பேர, ஒரு பையன் ஒரு பொண்ணு, கூப்பிட்டு சின்னதுங்களோட பத்து நிமிஷ வார்ம்-அப்ப அவங்க பொறுப்புல விடுங்க. நீங்க ஊருக்குப் போற அன்னைக்கு நோட்டும் விசிலும் அவங்க கையில இருக்கட்டும்.